பம்பாய்க் கோஷ்டியும் லோகோ ஷெட் மஸ்டரும்

எங்கள் ரசிகர் மன்றத்தில் மொத்தம் நாலே பேர். காகிதத்தில் மட்டும் நூற்று அறுபத்தேழு பேர். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், எழுதியாவது வைக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. அரக்கோணத்திலிருந்து பூனாவுக்கு மாற்றலாகி வந்த குடும்பம் எங்களுடையது. கோர்படி ரயில்வே காலனியில் குவார்ட்டர்ஸ். அப்பா லோகோ ஷெட்டில் டைம் கீப்பர். எஞ்சின் ஓட்டுகிறவர், கரி அள்ளிப் போடுகிறவர், எண்ணெய் துடைக்கிறவர், ஃபிட்டர், கலாசி என்று அத்தனை பேரும் ஷிஃப்டுக்கு முன்னால் அவருடைய ஜன்னலில் வந்து நிற்பார்கள். அப்பா மஸ்டர் புத்தகத்தைப் பார்த்துப் பெயரைக் கூப்பிடுவார். குரல் கொடுத்தவனுக்கு ஒரு டிக். டிக் விழுந்தால்தான் அவன் அன்றைக்கு வேலைக்கு வந்தவன். விழாவிட்டால், அவர் எதிரில் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு நின்றாலும் வராதவன்தான். வீட்டிலும் அதே ஆள்தான். சோறு போடுவதற்கு முன்னால் "எல்லாரும் ஆஜரா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையைத் தட்டில் வைப்பார்.

நான் அப்போது மெட்ரிக் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அது உண்மைதான். ஆனால் நான் கோபப்பட்டதெல்லாம் பாட்டுக்காகத்தான்.

பாட்டு என்றால் எல்லாப் பாட்டும் இல்லை. பம்பாயில் நாலு பையன்கள் சேர்ந்து ஒரு கோஷ்டி வைத்திருந்தார்கள். மூன்று பேர் கையில் கிதார், ஒருவன் டிரம்ஸ். நெற்றியில் விழுகிற முடி, கூரான ஷூ, குட்டைக் கோட்டு. விலாயத்துக் கோஷ்டிகளைப் பார்த்து நாமும் செய்யலாமே என்று கிளம்பியவர்கள். அவர்கள் மொத்தமாகப் போட்டிருந்தது ஒரே ஒரு சின்ன ரெக்கார்டு, அதில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பாட்டு. நாங்கள் அவர்களை 'நம்மாளுங்க' என்றுதான் சொல்வோம். நாலு பேரில் ஒருவன்கூடத் தமிழன் இல்லை, அதனால் என்ன?

அந்த ரெக்கார்டு என் தோழியிடம் இருந்தது. ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்காக வந்த முஸ்லிம் குடும்பம் அவளுடையது. அவள் வாப்பா கேம்ப் என்கிற கன்டோன்மென்ட் பகுதியில் டிரங்குப் பெட்டி, சூட்கேஸ் கடை வைத்திருந்தார். மூடினால் சூட்கேஸ் மாதிரியே இருக்கும் ஒரு ரெக்கார்டு பிளேயர் அவர்கள் வீட்டில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் வாப்பா சைக்கிள் கேரியரில் பிளேயரைக் கட்டி, அவளையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போவார். அவளும் நானும் ஒரு கட்சி. எங்களுக்கு ரெக்கார்டின் பின்பக்கம்தான் உயிர். ஒரே ஒரு கிதார், ஒரே ஒரு குரல், மெதுவாக, மழை நின்ற பிறகு கூரையிலிருந்து சொட்டுகிற மாதிரி வருகிற பாட்டு.

எதிர்க்கட்சி என் அண்ணன். காலேஜில் முதல் வருஷம். அவனுக்கு முன்பக்கப் பாட்டுதான் வேதம். அதில் டிரம்ஸ்காரன் ரயில் ஓடுகிற தாளத்தில் அடிப்பான், கடைசியில் ஒருவன் வாயாலேயே விசில் கொடுப்பான். நாலாவது உறுப்பினர் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மராத்திப் பையன், அண்ணனோடு படிக்கிறவன்.

"இதெல்லாம் பாட்டா? தகர டப்பா உருட்டுற சத்தம்," என்பேன் நான்.

"உன் பாட்டைக் கேட்டா கொட்டாவிதான் வருது. தொட்டில்ல போட்டு ஆட்டு, போ," என்பான் அண்ணன்.

"மூணாவது அடியில அவரு கொரல் ஒடையுது பாரு புள்ள, அழுதுகிட்டே பாடியிருக்காரு," என்பாள் தோழி.

"ஜலதோஷம்," என்பான் அண்ணன்.

மராத்திப் பையனோ, "அரே பாபா, தோனோ அச்சே ஹைன்," என்று சமாதானம் பேசுவான். இரண்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவன் ரசிகனே இல்லை என்பதில் மட்டும் அண்ணனும் நானும் ஒரே கட்சி. இரண்டு பேரும் சேர்ந்து அவன் மேல் பாய்வோம். முன்பக்கத்து ரயில் மெயிலா எக்ஸ்பிரஸா என்று அடுத்த சண்டை ஆரம்பிக்கும். ரயில்வே காலனியில் வளர்ந்தவர்களுக்கு அது லேசான விஷயம் இல்லை. ஒரு நாள் அந்தச் சண்டையின் நடுவில் உள் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா குரல் கொடுத்தார்.

"அது மெயிலும் இல்ல, எக்ஸ்பிரசும் இல்ல. குட்ஸு. அதுவும் காலி வேகன். லோடு வண்டி இப்டி லொடலொடன்னு அடிக்காது."

நாங்கள் அவரை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு என்ன தெரியும் என்று அண்ணன் உதட்டைப் பிதுக்கினான்.

'நம்மாளுங்க' பம்பாயைத் தாண்டி வெளியூர்களுக்கும் போகப்போகிறார்கள் என்று ஒரு சினிமாப் பத்திரிகையில் மூலையில் ஒரு வரி வந்தது. எந்த ஊர் என்று போடவில்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு மாதம் தூங்கவில்லை. பூனாவுக்கு வருவார்களா? நாலு மணி நேர ரயில் பயணம்தானே, வந்தால் என்ன? வந்தால் முன்பக்கத்தை முதலில் பாடுவார்களா, பின்பக்கத்தையா? அண்ணன்தான் சொன்னான், அழைத்தால்தானே வருவார்கள் என்று. ரெக்கார்டு உறையின் பின்னால் ஒரு பம்பாய் விலாசம் இருந்தது.

கடிதம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், இங்கிலீஷும் சுமாராக வரும். எழுத ஆரம்பித்ததும் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் எழுதினேன். கொழும்பிலிருந்து வருகிற ரேடியோவுக்கு விருப்பப் பாட்டுக் கேட்டு கார்டு போடுகிற பழக்கம் அன்றைக்கு எல்லா வீட்டிலும் உண்டு. கார்டில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை மதிப்பு. அதனால் அப்பா, அம்மா, அத்தை, மாமா, தொட்டில் பிள்ளை, ஊரில் இருக்கிற சித்தப்பா என்று எறும்பு வரிசை மாதிரி பெயர்களை நெருக்கி எழுதுவோம். அறிவிப்பாளர் அத்தனையும் மூச்சு விடாமல் படிப்பார். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. அது கார்டு எழுதுகிற முறை, அவ்வளவுதான்.

அதே முறையில் கோஷ்டிக்கும் எழுதினேன். பூனா ரசிகர் மன்றம், உறுப்பினர் பட்டியல் இணைப்பு. எங்கள் வீடு, தோழி வீடு, மராத்திப் பையன் வீடு எல்லாம் தீர்ந்தும் முப்பது தேறவில்லை. முப்பது பேருக்காக யார் பம்பாயிலிருந்து வருவார்கள்? பக்கத்தில் அப்பாவின் பழைய மஸ்டர் புத்தகம் ஒன்று கிடந்தது. முடிந்துபோன புத்தகங்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார், எழுதாத பக்கங்களில் நான் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். திறந்தேன். லோகோ ஷெட் மொத்தமும் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. ஒரு பெயர் விடாமல் இறக்கினேன். கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் இடம் மீதி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே எங்கள் ஆடு கத்தியது. அதற்கு அம்மா ஒரு அழகான பெண் பெயர் வைத்திருந்தாள். நூற்று அறுபத்தேழாவதாக அதையும் எழுதினேன். மன்றம் என்றால் தலைவர் வேண்டுமே, அப்பாவின் பெயரை மேலே போட்டு, 'தலைவர்' என்று எழுதினேன்.

என் பெயரை மட்டும் எழுதவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு வருஷம் முன்னால் ரேடியோ கார்டில் என் பெயரையும் எழுதியிருந்தேன். அறிவிப்பாளர் அதை அண்ணனின் சிநேகிதர்கள் பெயர்களுக்கு நடுவில் வைத்துப் படித்துவிட்டார். மறுநாள் ஷெட் ஜன்னலில் நின்ற ஒரு கலாசி, "டைம் கீப்பர் சாப், உங்க பொண்ணு பேரு ரேடியோல வந்துச்சே," என்று பல்லைக் காட்டியிருக்கிறான். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே சொன்னார்: "பொம்பளப் புள்ள பேரு காத்துல அலையக் கூடாது. இதான் கடைசி." அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு எரிந்த எரிச்சல் இன்னும் நினைவில் இருக்கிறது. அம்மா பெயர் போகலாம், அத்தை பெயர் போகலாம், என் பெயருக்கு மட்டும் என்ன வந்தது? கேட்கத் தைரியம் இல்லை. அதிலிருந்து எந்தக் கார்டிலும் நான் இருந்ததில்லை. கை தானாகவே என்னை விட்டுவிட்டு எழுதப் பழகிவிட்டது.

மூன்று வாரம் தபாலுக்காகக் காத்துக்கிடந்தேன். காலனிக்கு வருகிற கடிதங்களை போஸ்ட்மேன் ஷெட் ஜன்னலிலேயே கொடுத்துவிட்டுப் போய்விடுவார் என்பதால், பள்ளி விட்டதும் ஓட்டமாக ஓடிப் போய் அவரை வழியிலேயே மடக்குவேன். பரீட்சை வந்த அன்றைக்கு மட்டும் முடியவில்லை. அன்றைக்குத்தான் வந்தது.

சாயங்காலம் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் நீளமான கவர், மூலையில் கிதார் படம்.

"'மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு'ன்னு போட்டுக்கீது," என்றார். "நான் எதுக்குத் தலைவரு?"

அண்ணன் சுவரைப் பார்த்தான். நான்தான் வாயைத் திறந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் கண் அந்தக் கடிதத்தின் மேலேயே இருந்தது. என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரியாமல் திட்டு வாங்குவது இருக்கிறதே, அதைவிடக் கொடுமை கிடையாது.

அப்பா கடிதத்தை மெதுவாகப் படித்தார். இவ்வளவு பெரிய மன்றம் பூனாவில் இருப்பது எங்களுக்குத் தெரியாது. பட்டியலைக் காட்டியதும் கேம்ப்பில் ஒரு சினிமாக் கொட்டகைக்காரர் ஞாயிறு காலையில் இடம் தர ஒப்புக்கொண்டார். உறுப்பினர்கள் அத்தனை பேருக்கும் முன்வரிசைகளை ஒதுக்கி வைக்கிறோம். தலைவர் தவறாமல் எல்லோரையும் அழைத்து வர வேண்டும்.

அண்ணன் "ஹே!" என்று கத்திக்கொண்டு எகிறிக் குதித்தான். நானும் கத்திவிட்டேன். அப்பா எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

"லிஸ்டு எங்க?"

கார்பன் வைத்து எழுதிய நகல் என்னிடம் இருந்தது. கொண்டுவந்து கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார். நடுவில் நின்றார்.

"இவன் செத்து ரெண்டு வருசமாச்சு. இவனுக்கும் பாட்டு கேக்குதா?" அவர் குரல் ஏறவில்லை, இறங்கியது. அதுதான் பயம். "ஆளு இல்லாம பேரு. இதுக்கு ஷெட்டுல இன்னா பேரு தெரியுமா? பொய் மஸ்டர். இருவது வருசமா ஒருத்தனுக்குப் பதிலா இன்னொருத்தன் கொரல் குடுக்க நான் வுட்டதில்ல. என் பேர மேல போட்டு நீ பொய் மஸ்டர் எழ்தி அனுப்பிக்கிறே."

வர வேண்டாம் என்று எழுதிவிடலாம் என்று அண்ணன் முணுமுணுத்தான்.

"எதுக்கு எழ்தணும்?" என்றார் அப்பா. "நூத்தி அறுவத்தேழு பேருன்னு நம்பி அவன் பொட்டி படுக்கையோட வர்றான். ஆளக் காட்டணும். காட்டுவோம்."

சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, செத்தவர்களை ஒவ்வொருவராக அடித்தார். பட்டியலை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அது அவர் பையை விட்டு வெளியே வரவில்லை. தமிழர் சங்கத்தில் வருஷா வருஷம் செயலாளர் தேர்தலில் நின்று தோற்கிற மனிதர் அவர். டைப் அடித்த காகிதத்தில் தன்னை ஒருவன் தலைவர் என்று கூப்பிட்டது அவருக்கு உள்ளுக்குள் இனித்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அது எனக்கு எங்கே புரிந்தது?

மறுநாள் சாப்பாட்டு வேளையில் ஷெட்டில் பட்டியலை வாசித்தாராம். பேர் இருக்கிறவன் அத்தனை பேரும் அந்த ஞாயிற்றுக்கிழமை குளித்து முழுகி வர வேண்டும், டியூட்டி இருந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றாராம். ஷெட்டே சிரித்ததாம். ஆனால் எந்தப் பாட்டுக் கோஷ்டியும் அவர்களை அதுவரை பெயர் சொல்லி அழைத்ததில்லை. தமிழர், மராத்திக்காரர், தெலுங்கர், ஆங்கிலோ இந்திய டிரைவர்கள் எல்லோரும் சரி என்றார்கள். "பாட்டு தெரியாம போனா மானம் பூடும்," என்று ஒரு ஃபிட்டர் சொல்ல, தோழியின் வாப்பா பிளேயரையே ஷெட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

அந்த இரண்டு வாரம் கோர்படியில் நடந்ததை என்னவென்று சொல்வது! எங்கள் வீட்டுச் சண்டை ஷெட்டுக்குப் பரவிவிட்டது. ஃபிட்டர்கள் முன்பக்கம், கலாசிகள் பின்பக்கம். காய்கறிக்காரனிடம் நின்றுகொண்டு அம்மாவே இரண்டு மராத்திப் பெண்களோடு பின்பக்கத்துக்காக வாதாடினாள். ஷண்டிங் எஞ்சின் ஓட்டுகிற ஒருவர் காலனியைத் தாண்டும்போதெல்லாம் முன்பக்கப் பாட்டின் தாளத்தில் விசில் கொடுத்தார். நீராவி விசிலில் அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, அண்ணன் கட்சிப் பாட்டு என்பதையே மறந்துவிட்டேன். சாயங்காலம் ஆனால் யாராவது ஒருவர் வாசலில் வந்து நின்று, மூன்றாவது அடியில் அவர் அழுகிறாரா இல்லையா என்று கேட்பார். பதில் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிக்கொண்டது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன், "அப்பா, ஞாயித்துக்கெழமை நான் எந்தப் பாவாடை கட்டிக்கறது?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், "லிஸ்ட்ல பேரு கீதா?"

நான் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டேன்.

"பேரு இல்லாத ஆளு மஸ்டர்ல ஏது? ஊரு பேரெல்லாம் எழ்தின நீதானே ஒன் பேர எழ்தல?"

"நீங்கதானே எழுதக் கூடாதுன்னு சொன்னீங்க!" கத்தியே விட்டேன்.

அவர் மோர் கேட்டார். அம்மா போகலாமாம், அண்ணன் போகலாமாம், எங்கள் வீட்டுத் தொட்டில் பிள்ளைகூட ஆஜராம். தோழியின் வாப்பா, ரேடியோவில் குடும்பப் பெயர் வந்தால் கடைக்கு இலவச விளம்பரம் என்று நினைக்கிறவர். அதனால் அவள் பெயரும் பட்டியலில் உண்டு. கடிதம் எழுதியவள் நான், தேர்ந்தெடுத்த வார்த்தை என்னுடையது, கார்பன் மை ஒட்டிய விரல் என்னுடையது. போகாதவளும் நான்தான். அன்றைக்கு நான் சாப்பிடாமல் எழுந்துபோய் ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அழுதேன். என் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். கை தானாக விட்டுவிட்டதே என்று அந்தக் கையையே அடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோர்படியிலிருந்து கேம்ப்புக்கு ஊர்வலமாக நடந்தார்கள். வெளுத்துத் தேய்த்த சட்டைகள், எண்ணெய் வழியும் தலைகள், அம்மாவின் கல்யாணப் பட்டு. குழந்தைக்குப் பால் புட்டியும் துணியும் இருக்கிற பையைத் தூக்கிக்கொண்டு வர ஒரு ஆள் வேண்டும் என்று அம்மா பொதுவாகச் சொன்னாள். நான் பையை எடுத்துக்கொண்டேன். வாசல் வரைக்கும்தான் என்று அப்பா திரும்பாமலே சொன்னார். வழியெல்லாம் தோழி என் கையை விடவில்லை. "கதவு தொறந்துதான் இருக்கும் புள்ள, வெளியவே கேக்கும்," என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

கொட்டகையின் பக்கவாட்டுக் கதவில் அப்பா நின்றுகொண்டு பட்டியலைப் பிரித்தார். கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்ட வெள்ளைச் சட்டை. கோஷ்டியின் மேனேஜர் ஒருவர் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். "ஹாஜிர்," "எஸ் சார்," "உள்ளேன் ஐயா" என்று அவரவர் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டு உள்ளே போனார்கள். டிக், டிக், டிக். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே குரல் கொடுத்தாள். தொட்டில் பிள்ளைக்கு அண்ணன் கொடுத்தான், கைக்குழந்தைக்குச் சலுகை. உள்ளே யாரோ கிதாரைச் சுருதி கூட்டுகிற சத்தம் கேட்டது. அந்த ஒற்றைக் கம்பிச் சத்தத்துக்கே என் கால் தரையில் நிற்கவில்லை.

வரிசை கரைந்து, கதவருகில் நானும் பையும் மட்டும்தான் மிச்சம். அப்பா கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். தள்ளி நின்றாலும் எனக்குத் தெரிந்தது. செத்தவர்கள் மேலெல்லாம் சிவப்புக் கோடு. கடைசி வரியில் கோடு இல்லை.

அப்பா எங்கள் ஆட்டின் பெயரைக் கூப்பிட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, பென்சில் காகிதத்தின் மேல் நின்றது. ஒரு ஆளுக்கு அவர் இரண்டு தடவைதான் கூப்பிடுவார், மூன்றாவது கிடையாது. இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்.

"உள்ளேன் ஐயா!" என்று கத்தினேன்.

மேனேஜர் திடுக்கிட்டார். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இருபது வருஷத்தில் ஒருவனுக்குப் பதில் இன்னொருவனைக் குரல் கொடுக்க விடாத மனிதர். அவர் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு டிக் போட்டார். நான் பையோடு உள்ளே பாய்ந்தேன்.

உள்ளே நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. திரை விலகியதும் ஷெட் மொத்தமும் எஞ்சின் மாதிரி ஊளையிட்டது. பாடகனின் கிதார் குங்குமச் சிவப்பு. டிரம்ஸ் அடி நெஞ்சுக்குள் விழுந்தது. தெரியாத பாட்டுகள்தான் நிறையப் பாடினார்கள், இருந்தாலும் ஃபிட்டர்கள் நாற்காலிக் கையைத் தட்டித் தாளம் போட்டார்கள். தோழியும் நானும் ஒருவரை ஒருவர் கிள்ளிக் கிள்ளி இரண்டு பேர் கையும் சிவந்துவிட்டது. ரெக்கார்டில் இருக்கிற இரண்டு பாட்டையும் மட்டும் அவர்கள் தொடவே இல்லை. கடைசிக்கு வைத்திருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்துபோயிற்று.

கடைசியில் பாடகன் கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தான். என் கையெழுத்து. நேரம் இல்லை, ஒரு பாட்டுதான் பாட முடியும், அதை விரும்பிக் கேட்டவர்கள் என்று ரேடியோ அறிவிப்பாளர் மாதிரியே மூக்கால் பேசிக்கொண்டு பெயர்களைப் படிக்க ஆரம்பித்தான். தமிழ்ப் பெயர்களை மென்று துப்பினான். ஒவ்வொரு பெயருக்கும் அந்த ஆள் எழுந்து கையைத் தூக்க, கொட்டகை அதிர்ந்தது. இடையில் செத்துப்போனவர் ஒருவர் பெயரையும் படித்துவிட்டான், ஷெட் ஆட்கள் அவருக்கும் கை தட்டினார்கள். ஆட்டின் பெயர் வந்தபோது அம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு குலுங்கினாள். பட்டியல் முடிந்தது. நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன், ஆனால் உள்ளே எங்கோ ஒரு முள் குத்தியது. ஆடு வரைக்கும் வந்துவிட்டது.

எந்தப் பக்கத்துப் பாட்டு என்று தலைவரே வந்து சொல்லட்டும் என்றான் பாடகன். அப்பா மேடையேறினார். மைக்கை, கடித்துவிடும் என்பது போல, ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தார். கொட்டகை முழுக்க "முன்பக்கம்!" "பின்பக்கம்!" என்று கூச்சல். அவர் கையைத் தூக்கினார். ஷெட் ஜன்னல் பழக்கத்தில் எல்லோரும் கப்பென்று அடங்கினார்கள்.

"ஒன் நேம் ஒமிட்டட்," என்றார் அப்பா. "கிளரிக்கல் எரர்."

மஸ்டரில் தப்பு நேர்ந்தால் அவர் சிவப்பு மையில் எழுதுகிற வார்த்தை அது. எழுதியவர் பிழை, ஒரு பெயர் விட்டுப்போயிற்று. பிறகு மைக்குக்குக் கிட்டே வந்து, என் பெயரைச் சொன்னார். முன்னால் அவருடைய இனிஷியலோடு, முழுப் பெயரையும், ஷெட்டில் கூப்பிடுகிற அதே குரலில். புழுக்கத்துக்காகத் திறந்துவைத்திருந்த கதவுகள் வழியாக அது கேம்ப் தெரு வரைக்கும் போனது. நான் எழுந்திருக்கவில்லை. அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார்.

எழுந்து நின்றேன். "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வாய் வரவில்லை, கையை மட்டும் தூக்கினேன். மேடையில் நின்றபடியே அப்பா பட்டியலை எடுத்துத் தொடையில் வைத்து எதையோ எழுதினார்.

அதற்குப் பிறகு அவர்கள் ஒரு பாட்டுப் பாடினார்கள். முன்பக்கம்தான் என்று அண்ணன் இன்றைக்கும் அடித்துச் சொல்கிறான். பின்பக்கம்தான், அப்பாவே அதைத்தான் கேட்டார் என்று தோழி சத்தியம் செய்கிறாள். இரண்டு பேரும் சண்டை போட்டு முடியாமல் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். நான் மேடைக்கு எதிரில் முதல் வரிசையில் நின்றுகொண்டுதான் இருந்தேன். அந்தப் பாட்டில் ஒரு அடிகூட என் காதில் விழவில்லை.